இரண்டு முறை ஏழாம் வகுப்பு

ஏழு நாற்பத்தொன்று. எட்டு ஐந்துக்கு மணி அடிக்கும், அடித்ததும் அந்த இங்கிலீஷ் வாத்தியார் வகுப்புக் கதவைச் சாத்திவிடுவார், சாத்தினால் சாத்தினதுதான் என்று பள்ளிக்கூடத்துக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று கட்டுரை எழுதவில்லை, இன்று முதல் பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதுவதுதான் கடைசி வாய்ப்பு, இதுவும் போனால் பதினோராம் வகுப்பு இங்கிலீஷ் போச்சு, அடுத்த வருஷம் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பள்ளி முடிப்பு விழாவில் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போகும்போது இவன் மறுபடி இதே பெஞ்சில். இருபத்திநாலு நிமிஷம். அதற்குள் ஒரு மனுஷன் குளித்துச் சாப்பிட்டு சாமி கும்பிட்டு வேலைக்கே கிளம்பிவிடலாம். இவன் ஒரு கார்க் கதவைத் திறந்தால் போதும். பார்க்கிங்கில் நின்று எட்டு நிமிஷம் ஆயிற்று, முகில் பின் சீட்டில் மூலையோடு மூலையாக, குளிருக்குப் போட்ட தொப்பிச் சட்டையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கண்ணாடியில் எனக்குத் தெரிவது மூக்கு நுனியும் ஒரு முழங்காலும்தான். பதினாறு வயசுப் பையன் பின் சீட்டில் உட்காருகிறான், நான் ஏதோ டாக்ஸி ஓட்டுகிற மாதிரி. மூன்று வாரமாக இப்படி. மூன்று வாரம் என்று எண்ணாதே தமயந்தி, அதை எண்ணினால் அது எந்தச் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது என்று ஞாபகம் வரும், இப்போது அதற்கு நேரமில்லை. ஹீட்டர் சத்தம் தலையைக் குடைகிறது. அணைத்தால் குளிரும், வெளியே பனி, கண்ணாடி ஓரமெல்லாம் பனி கரையத் தூவின ரோட்டு உப்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. நான் நைட்டிமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு சாக்ஸுக்குமேல் ரப்பர் செருப்போடு வந்திருக்கிறேன், இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்று. தினமும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்னால் கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, கதவு திறக்கிறது, ஒரு பிள்ளை இறங்குகிறது, கார் போய்விடுகிறது. எத்தனை சுலபமாகச் செய்கிறார்கள். ஒரு பெண் வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கி ஓடுகிறாள், தலைகூட வாரவில்லை. எங்கள் கான்வென்ட்டில் இப்படி ஒருத்தி வந்திருந்தால் சிஸ்டர் பெர்னதெத் வாசலிலேயே நிறுத்தி இரட்டைப் பின்னல் போட வைத்துத்தான் உள்ளே விட்டிருப்பாள், ரிப்பன் கருநீலத்தில் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு. பாளையங்கோட்டை வெயிலில் ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு மூன்று மைல் சைக்கிள் மிதித்தேன். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்றால் மிளகு ரசம், ரசம் குடித்தால் காய்ச்சல் போய்விட்டதாக அர்த்தம். இதை இவனிடம் சொல்லியிருக்கிறேன், ஆயிரம் தடவை, அவன் ஒருநாள் திருப்பிச் சொன்னான், அம்மா, யூ ஹேட்டட் இட் தோ. ஆமாம், வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே போனேன், அதில் என்ன தப்பு, உலகமே அப்படித்தானே போகிறது. வளாகத்துக்குள் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் நான் தமிழில் பேச மாட்டேன் என்று இங்கிலீஷில் நூறு தடவை எழுத வேண்டும். எழுதி எழுதித்தான் என் கையெழுத்து முத்து முத்தாக ஆயிற்று. அந்தக் கையெழுத்தில்தான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முதல் விண்ணப்பப் பாரத்தையும் நிரப்பினேன். அப்போது முகிலுக்கு ஐந்து வயசு, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாரத்தில் ஒரு கேள்வி, வீட்டில் குழந்தையோடு பேசும் மொழி எது. பக்கத்து அபார்ட்மென்ட் உமையாள் முன்னாலேயே எச்சரித்திருந்தாள், தமிழ்னு மட்டும் போட்டுடாத தமயந்தி, இங்கிலீஷ் தெரியாத பிள்ளைன்னு தனி வகுப்புல தள்ளிடுவாங்க, எல்லாரும் இங்கிலீஷ்னுதான் போடுவோம். எனக்கு யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவளின் பிள்ளையைத் தனி வகுப்பிலா. இங்கிலீஷ் என்று எழுதினேன், ஈ எழுத்துக்கு ஒரு சுழி கூடுதலாகவே போட்டு. இவனுக்கு அன்றைக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆப்பிளும் குட்மார்னிங்கும்தான்.

ஏழு நாற்பத்தெட்டு. இறங்குடா என்று சொல்லலாமா. சொன்னால் மூக்கு நுனியும் உள்ளே போய்விடும். சொல்லாவிட்டால் நேரம் போகிறது. நேற்றுச் சொல்லிப் பார்த்தேன், முந்தாநாள் கத்திப் பார்த்தேன், அதற்கு முந்தின நாள் அழுது பார்த்தேன், அழுகிறபோது அவன் பின்னாலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினான், கதவை மட்டும் திறக்கவில்லை. இவன் அப்பா இருக்கிறாரே, நெல்லையப்பன், ஆபீஸில் நெல் என்று கூப்பிடுகிறார்களாம், அவருக்கு ஏழரைக்கு மீட்டிங் ஆரம்பித்துவிடும், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார், பேசு, பேசு, அவன்கிட்ட பொறுமையாப் பேசு. என்ன பேச. அந்த முதல் வருஷம் இவன் கிறிஸ்துமஸ் வரை பள்ளியில் வாயே திறக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பானாம். டீச்சர் கூப்பிட்டு மென்மையாக, அந்த மென்மைதான் ஆளைக் கொல்லும், காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்களேன் என்றாள். பையனுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் பொய் எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், என் வாய்க்கு என்ன கேடு வந்தது. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் பெரிய ஹெட்போனை மாட்டி உட்காரவைத்தார்கள், பீப் கேட்டால் கையைத் தூக்கு என்று நானே தமிழில், டாக்டருக்குக் கேட்காமல், இவன் காதோடு சொன்னேன். ஒவ்வொரு பீப்புக்கும் சமர்த்தாகக் கையைத் தூக்கினான். தூக்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான், சரியா அம்மா என்று. அருமையான காது என்று டாக்டர் சொன்னார். அன்றோடு நான் அவனிடம் தமிழில் பேசுவதை நிறுத்தினேன். பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லையே. நெல்லையப்பன் மட்டும் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார், அவருக்கு எதையும் மாற்றிக்கொள்ளத் தெரியாது, அதனால்தான் பிள்ளைக்கு இந்தத் தமிழாவது மிஞ்சியிருக்கிறது.

அப்புறம் இவன் வளர வளர இந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள், பிள்ளை ஒரு சட்டைக்குள் நுழைவதற்குள் சட்டையை மாற்றினால் எப்படி. இரண்டாம் வகுப்பில் கணக்கு மாறிற்று. கழித்தல் போடு என்றால் நான் பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்தேன், விடை சரி, டீச்சர் சிவப்பில் சுழித்து அனுப்பினாள், கட்டம் எங்கே, கோடு எங்கே, எப்படி யோசித்தாய் என்று எழுது. ஏழு வயசில் எப்படி யோசித்தேன் என்று எழுத வேண்டுமாம், நாற்பத்தாறு வயசில் எனக்கே தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் வாசிப்புப் பரீட்சை, தேறாவிட்டால் நாலாம் வகுப்பு கிடையாது என்றார்கள், இவன் நகத்தைக் கடித்து ரத்தம் வந்தது, தேறினான், பிறகு அந்த விதியையும் தளர்த்திவிட்டார்களாம். ஏபிசிடி போய் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மார்க் வந்தது, நாலு நல்லதா ஒன்று நல்லதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, கண்டுபிடித்த மறுவருஷம் ஏபிசிடி திரும்ப வந்தது. வகுப்பறை மூலையில் விளக்கை அணைத்து மூச்சுவிடாமல் உட்காரப் பழக்கினார்கள், துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று, அதை வீட்டுக்கு வந்து கோலிகுண்டு விளையாடின மாதிரி சொன்னான், நான்தான் நாத்தனாரிடம் ஃபோனில் சொல்லி அழுதேன். பிறகு அந்த ஆப். என் ஃபோனில் ஒரு செயலி, டீச்சர் மார்க் போட்ட நொடியில் டிங் என்னும். குக்கர் விசிலைவிட அதற்குத்தான் நான் முதலில் ஓடுவேன். இவன் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும்போதே இவனுடைய சயின்ஸ் மார்க் எனக்குத் தெரிந்துவிடும், பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ஏன் எழுபத்தெட்டு என்று கேட்பேன், எதில் என்று கேட்பான். பாவம். அவனுக்கே தெரியாத அவன் வாழ்க்கை என் நைட்டிப் பையில் இருந்தது.

டிங். இதோ இப்போது ஒன்று. கைப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், முதல் பீரியட் இன்னும் பத்து நிமிஷத்தில், ஃபோன்களை வாசலில் உறையில் போட்டுப் பூட்டவும், லேப்டாப் கிடையாது, பேனாவும் காகிதமும் மட்டும். ஏழு ஐம்பத்தைந்து. பேனாவும் காகிதமும். பத்து வருஷம் திரையைத் தடவச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது பேனாவாம். மெஷின் கட்டுரை எழுதித் தருகிறது, பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள், அதனால் எல்லாவற்றையும் மூடு, கண்முன்னால் கையால் எழுது. எனக்கென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு நாலு பக்கம். முகில் போன மாதம் காகிதத்தின் மேல் மூலையில் பெயரை எழுதினான். நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து அந்தப் பெயரோடு கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாம் தடவை பெயரோடு தேதியும். மூன்றாம் தடவை வயிற்றுவலி என்று நர்ஸ் அறையில். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். எனக்குத் தெரியும் ஒன்றுமில்லை என்று. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்த வருஷத்தில் இருக்கிறது எல்லாம் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் பின் சீட்டில் இருக்கிறவனுக்கும்.

உலகத்துக்கே நோய் வந்த வருஷம் அது, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள், இவன் ஏழாம் வகுப்பு. திரையில் கட்டம் கட்டமாகப் பெயர்கள், முகம் கிடையாது. இவன் கேமராவை அணைத்துவிட்டு மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். செயலியில் சிவப்பு சிவப்பாக வரும், ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்கவில்லை. யாராவது அந்தச் சிவப்பைத் துடைக்க வேண்டாமா. முதலில் ஒரு சயின்ஸ் வினாத்தாள், பத்துக் கேள்வி, பூண்டுக் கையைத் துடைத்துவிட்டு டக் டக்கென்று போட்டேன். பச்சை டிக் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பச்சையைப் பார்த்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, இருபது வருஷமாக என் வேலைக்கு யாரும் டிக் போட்டதில்லை, சாம்பாருக்கு எவன் டிக் போடுகிறான். அப்புறம் வரலாறு. அப்புறம் கணக்கு, கட்டமும் கோடும் போட்டே. அப்புறம் மிஸஸ் டெலானியின் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு கட்டுரை, நீ இனித் திரும்பிப் போக முடியாத ஓர் இடம். இவன் எதையாவது எழுதட்டும் என்று ஒருநாள் பொறுத்தேன், ஒரே ஒரு நாள். மறுநாள் உட்கார்ந்தேன். கான்வென்ட்டில் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு, அதன் பின்பக்கம் மட்டும் சிஸ்டர் அறை ஜன்னலுக்குத் தெரியாது, நாங்கள் ஐந்தாறு பேர் பாசியில் வழுக்காமல் அங்கே போய்க் குந்திக்கொண்டு பத்து நிமிஷம் தமிழில் பேசுவோம். ரகசியம் ஒன்றுமில்லை, குழம்பு, மாமா கல்யாணம், யாருக்கு யாரைப் பிடிக்கும். பேச்சுக்காகவே பேசுவது. அதை எழுதினேன், என் அம்மா சொல்லியிருக்கிறாள் என்று முகில் எழுதுவதாக. எழுதி முடித்தபோது குக்கர் அடிப்பிடித்திருந்தது. மிஸஸ் டெலானி கீழே எழுதியிருந்தாள், உன் எழுத்தில் உன் வயசுக்கு மீறின ஒரு தனிமை இருக்கிறது, எழுதுவதை ஒருபோதும் நிறுத்திவிடாதே. பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது. பையனை எழுப்பி வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நல்லாருக்கும்மா என்றான். அதற்கப்புறம் அந்த வருஷம் அவன் ஒரு வரி எழுதவில்லை. ஏழாம் வகுப்பில் தேறினது நான். ஒருமுறை பாளையங்கோட்டையில், ஒருமுறை இங்கே, இரண்டிலும் நல்ல மார்க். அந்த மார்க்கை வைத்துத்தான் எட்டாம் வகுப்பில் இவனைக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் இங்கிலீஷ் வகுப்பில் போட்டார்கள். திருத்தித் தருகிறேன் குடு என்று நான் தொடர்ந்தேன். பத்தாம் வகுப்பில் என்னை விட்டுவிட்டு மெஷினிடம் போனான், ஒரு நொடியில் எழுதித் தருகிறதாம். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது. இப்படி ஒரு தாய் உண்டா.

எட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வந்தே விட்டது, நான் விடாப்பிடியாகத் தள்ளிவைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மிஸ் ப்ரூக்ஸ் அறையில் நானும் இவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அவள் பழைய மார்க்கெல்லாம் திரையில் வைத்துக்கொண்டு, இத்தனை நன்றாக எழுதின பையன், ஏழாம் வகுப்பில் என்ன மாதிரிக் கட்டுரைகள், என்ன நடந்தது, நடுநிலைப் பள்ளியில் ஏதாவது மாறிற்றா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். அந்தக் காது டாக்டர் அறையில் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரியே முகில் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டு, என் அழகான கான்வென்ட் இங்கிலீஷில், இல்லையே, எப்போதுமே பிரமாதமாகத்தான் எழுதுவான், இப்போதுதான் சோம்பேறித்தனம் என்றேன். சோம்பேறித்தனம். திரும்பி வரும்போது பின் கதவைத் திறந்து ஏறினான். அன்றிலிருந்துதான். முகில், நேரமாகுதுப்பா. நான் இதைத் தமிழில் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று. கண்ணாடியில் மூக்கு அசைந்தது. ஏதாவது எழுது, ரெண்டு வரி எழுது, தப்பா இருந்தாலும் பரவால்ல, உள்ளே போய் உட்கார், போதும். பின்னால் சட்டை உரசுகிற சத்தம். அவன் தொப்பியைத் தள்ளிவிட்டான், முகம் முழுசாகத் தெரிந்தது, மூன்று நாள் தாடி, எப்போது முளைத்தது இது. கோபமே இல்லாத குரலில், அதைத்தான் தாங்க முடியவில்லை, சொன்னான்:

“நீயே போயேன்மா. உனக்குத்தானே பிடிக்கும்.”

கதவைத் திறந்து நான் இறங்கிவிட்டேன். கோபத்தில் இறங்கினேனா என்று தெரியவில்லை, உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். செருப்புக்கும் சாக்ஸுக்கும் நடுவில் பனி புகுந்து சுரீர் என்றது, கோட்டுக்குக் கீழே நைட்டியின் பூப் போட்ட கரை தெரிகிறது, தெரியட்டும், சிஸ்டர் பெர்னதெத் பார்க்கட்டும், உப்புத் தூவின நடைபாதையில் கறுமுறு என்று நடக்கிறேன், கடைசிப் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடுகின்றன, ஒருத்தன் திரும்பி என் காலைப் பார்க்கிறான். ஒன்றுமே இல்லை இதில், போய் மிஸ் ப்ரூக்ஸிடம் நாலு வாக்கியம். என் பிள்ளை சோம்பேறி இல்லை. ஏழாம் வகுப்பு அவன் எழுதவில்லை. நான் எழுதினேன். அவனுக்கு எழுத ஆரம்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள், முதலிலிருந்து, மெதுவாக. இங்கிலீஷில் என்ன அழகாக வரும் இது, தலைக்குள் கமா எல்லாம் போட்டு முடித்துவிட்டேன். சொன்னால் மார்க்கையெல்லாம் அழிப்பார்களோ. அந்த வகுப்பிலிருந்து இறக்குவார்களோ. இறக்கட்டும், இறக்கினால்தானே கால் தரையில் படும். நெல்லையப்பனுக்குத் தெரிந்தால். உமையாளுக்குத் தெரிந்தால், நாங்கள் சேர்ந்து சமைக்கிற கோயில் சமையலறையில் எல்லாருக்கும் தெரிந்தால். வாசல் வந்துவிட்டது. இங்கே எல்லாப் பள்ளிக்கூடமும் பூட்டித்தான் இருக்கும், சுவரில் ஒரு பித்தான், மேலே ஒரு கேமரா, அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும். அமுக்கினேன். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்றது. முகிலின் அம்மா என்றேன். முகில் உங்களோடு இருக்கிறாரா, தாமதமாக வருகிறாரா. காரில் இருக்கிறான் என்றேன், நான் மிஸ் ப்ரூக்ஸைப் பார்க்க வேண்டும், அவனுடைய ஏழாம் வகுப்பைப் பற்றி. ஏழாம் வகுப்பா என்று அந்தக் குரல் திருப்பிக் கேட்டது. பிறகு வாருங்கள் என்றது, பூட்டு டக் என்று விட்டது. திரும்பிப் பார்த்தேன். கார்க் கதவு மூடியேதான் இருக்கிறது, ஆனால் பின் கண்ணாடி கீழே இறங்கியிருந்தது, அந்தக் குளிரில், அவன் கழுத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மணி அடித்தது. எட்டு ஐந்து. எங்கேயோ உள்ளே ஒரு கதவைச் சாத்துவார்கள் இப்போது. நான் கைப்பிடியைப் பிடித்தேன். இரும்பு கையைக் கடித்தது. பிடித்தபடியே நிற்கிறேன். தோளிலிருந்து கைக்கு ஏதோ போய்ச் சேரவில்லை. பூட்டு திரும்ப விழுந்துவிட்டது, மறுபடி அமுக்கினேன், மறுபடி திறந்துவிட்டார்கள், மறுபடி நிற்கிறேன். மேடம், கதவை இழுங்கள், இழுத்தால் திறந்துவிடும், அவ்வளவுதான் என்றது அந்தக் குரல், மென்மையாக.

தெரியும் என்றேன். இருபத்திநாலு நிமிஷமாக ஒருத்தனிடம் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.